பாத்ரூம் சுவரில் இரண்டு ஓட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்திலிருந்து என் சகலை வந்திருந்தார். என் மனைவி ஈஸ்வரியின் தங்கை வீட்டுக்காரர். நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம்... அடுத்தவர் வீட்டில் எது கோணலாக இருந்தாலும் கைவைத்துச் சரி செய்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவார். போன தடவை எங்கள் ரேடியோவைச் சரி செய்தார். அன்றிலிருந்து அது பாடுவதில்லை.

காலையில் குளிக்கப் போனவர், ஐந்து நிமிஷத்தில் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“ஏனுங் சகலை, பாத்ரூம் சுவத்துல கீழ ஒரு ஓட்ட, மேல ஒரு ஓட்ட. இதையெல்லாம் பாக்கறதில்லீங்களா? கீழ இருக்கறதை என்ற துண்டை வெச்சு அடைச்சுப்போட்டேன். மத்தியானமா துளி சிமெண்டு குடுங்க, ரெண்டையும் பூசிப்போடலாம்.”

அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த ஈஸ்வரி கரண்டியோடு ஓடிவந்தாள்.

“மொதல்ல அந்தத் துண்டை எடுங்க” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் சகலை மறுபேச்சில்லாமல் துண்டை உருவிவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

“ஏன்னு அவரையே கேளுங்க, சொல்லுவாரு” என்று சொல்லிவிட்டு அவள் இட்லிக்குத் திரும்பினாள்.

சகலையிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் வாராவாரம் எவ்வளவோ பெருமை அடித்திருக்கிறேன். ஒரு வாரம் மானம் போனால் என்ன குறைந்துவிடும்?

உங்களுக்கே தெரியும், எனக்குச் சோறு போடுவது ஓட்டைதான். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பீஸை விரித்து, இழுத்து, திருப்பி, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அப்புறம் மூன்று பெட்டி. குறை இல்லாதது ஓகே. சரி செய்யக்கூடியது ஆல்டர் — அது டெய்லரிடம் திரும்பிப் போய் ரிப்பேர் ஆகி வரும். ஒன்றுக்கும் உதவாதது ரிஜெக்ட். இதையே வருஷக்கணக்கில் செய்தால் கண் வேறு எதையும் பார்க்காது. கல்யாணத்துக்குப் போனால் எனக்கு மாப்பிள்ளை முகம் தெரியாது. அவர் பட்டு வேட்டியில் பூச்சி அரித்த இடம்தான் தெரியும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் சுடுதண்ணி என்றால் பின்வாசலில் மரத்தூள் அடுப்புதான். ஐப்பசி மழையில் தூள் நமுத்துப் போகும். ஈஸ்வரி ஊதி ஊதிக் கண் சிவந்து வருவாள். நான் குளித்துவிட்டு, “தண்ணி இன்னும் கொஞ்சம் சூடா இருந்திருக்கலாம்” என்பேன். ஒருநாள் ஊதுகுழலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே கேஸ் கீசர் வாங்கிவிட்டேன். சுவரில் மாட்டுகிற பெட்டி. குழாயைத் திறந்தால் போதும், உள்ளே தீ பற்றிச் சுடுதண்ணி கொட்டும். பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா வந்து பார்த்து, கையை நனைத்துப் பார்த்து, ஆச்சரியப்பட்டுப் போனார்.

மாட்டித் தந்தது சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சாயப்பட்டறை ஒன்றில் பாய்லர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மாதிரி பிட்டிங். மனிதர் வெகு சுத்தம். சிலிண்டரைப் பாத்ரூமுக்கு வெளியே நிமிர்த்தி நிறுத்தினார். ட்யூப் மாட்டிய இடமெல்லாம் சோப்புத் தண்ணியைத் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். நான் வத்திக்குச்சியைக் கிழித்துப் பார்க்கலாமே என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வத்திப்பெட்டியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது உளியை எடுத்தார். சுவரின் அடியில் அரைச் செங்கல் அளவுக்கு உடைத்தார். மேலே கூரையை ஒட்டி இன்னொன்று. என் கண் முன்னால், என் வீட்டில், ஒன்றுக்கு இரண்டாக ஓட்டை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

“எதுக்குங்க இது?” என்றேன்.

“ரெண்டும் இந்த ரூமுக்கு மூக்கு மாரி அண்ணாச்சி. தீ திங்குத காத்தும் நீங்க இழுக்குத காத்தும் ஒண்ணுதான். வழிய அடச்சா அது ஒங்க பங்கையும் தின்னுரும். தீ நீலமா எரியணும். மஞ்சளா எரிஞ்சா ஒடனே நிப்பாட்டிட்டு எனக்குச் சொல்லி விடுங்க. வாளில தண்ணியப் புடிச்சு, கீசர நிப்பாட்டிட்டுப் பொறவு கதவச் சாத்திக் குளிங்க. எது மறந்தாலும் இந்த ரெண்டையும் மட்டும் அடச்சிராதிய.”

தலையாட்டினேன். தலையாட்டுவதற்குக் காசா, பணமா?

பத்து நாள் பொறுத்தேன். கீழ் ஓட்டை வழியே ஈரக்காற்று வந்தது. கொசு வந்தது. ஒருநாள் ஒரு தேரை வந்து சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, ஈஸ்வரி குளிக்காமல் வெளியே வந்துவிட்டாள். ஊர் ஓட்டையை எல்லாம் பிடிக்கிறவன் வீட்டிலேயே ஓட்டையா? தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அளவு டேப்பை எடுத்தேன். நீளம், அகலம், ஆழம் — மூன்றையும் சிகரெட் அட்டையில் குறித்தேன். கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டெய்லரைப் பிடித்தேன். நல்ல கெட்டி இன்டர்லாக் துணி, இரண்டு மடிப்பு. உள்ளே பனியன் கட்டிங் வேஸ்ட்டை இறுக்கி அடைத்து, நான்கு பக்கமும் ஓவர்லாக் தையல் போட்டு, இரண்டு குட்டித் தலையணை. தையல் கோணியிருந்தது என்று ஒன்றைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஓட்டைகளில் வைத்து அழுத்தினேன். கச்சிதம். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது, ஒரு துளி ஆடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அந்தத் தம்பி அடைக்க வேண்டாம்னு சொன்னாருங்களே?” என்றாள் ஈஸ்வரி.

“அவரு பாய்லர்ல வேலை செய்யறவரு. கம்பெனிக்கு உண்டானதை ஊட்டுக்குச் சொல்றாரு. கேஸ் லீக்கானா நாத்தம் அடிக்காதா? நமக்கு மூக்கு இல்லையா?”

அடுத்த வாரமே, “தீ மஞ்சளா எரியுதுங்க” என்றாள்.

“மங்களகரமா இருக்குதுல்ல” என்றேன்.

எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னது அதைத்தான்.

அப்புறம் தலைவலி ஆரம்பித்தது. எனக்கு இல்லை. நான் குளிப்பது மூன்று நிமிஷம், அதில் ஒரு நிமிஷம் தலை துவட்டுவது. அவளுக்குத்தான். குளித்துவிட்டு வந்தாலே, “தல கிறுகிறுங்குதுங்க, வாந்தி வராப்பல இருக்குது” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பித்தம் என்றேன். இஞ்சி தட்டிப் போடச் சொன்னேன். நடுவில் மூலனூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தாள். அங்கே தலைவலியே இல்லையாம். திரும்பி வந்த மறுநாள் மறுபடி வலி. நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன்? அம்மா வீட்டில் போகிற தலைவலி, புருஷன் வீட்டில் வருகிறது — இந்த நாடகமெல்லாம் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் அவளிடம் சொல்லியும் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் தலைவலி என்று சொல்வதையே விட்டுவிட்டாள். குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தாள். சீயக்காய் போட்டு அலச அரைமணி நேரம் ஆகும். வாளியில் பிடித்துக் குளித்தால் கட்டுப்படியாகாது என்று கீசரை நிறுத்தாமல், கதவைச் சாத்தி, தண்ணியை ஓடவிட்டுக் குளிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கமாகியிருந்தது. எனக்கு அன்றைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்ஷன். பேன்ட் போட்டாகிவிட்டது, பெல்ட்டைக் காணோம்.

“ஈஸ்வரி... என்ற பெல்ட்டு எங்கே?”

பதில் இல்லை. எங்கள் வீட்டில் இது நடக்காத காரியம். என் சாமான் எது எங்கே என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வாள். மறுபடி கூப்பிட்டேன். இன்னொரு தடவை. தண்ணி கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தலைவலியைப் பற்றிச் சொன்னதற்குக் கோபம் போல என்று நினைத்தேன். கோபம் என்றாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் அவள் கோபித்துக்கொள்வாள்.

போய்க் கதவைத் தட்டினேன். தகரக் கதவுதான். இரண்டு உதையில் தாழ்ப்பாள் தெறித்தது.

சுவரில் சாய்ந்து, தலை ஒரு பக்கமாகத் தொங்கி உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. தலையெல்லாம் சீயக்காய். கூப்பிட்டேன், உலுக்கினேன். ஒன்றும் இல்லை. கதவை உதைத்த சத்தத்தில் ஓடிவந்த ஜமீலா அக்காதான் குழாயை மூடி, ஒரு சேலையை அவள் மேல் சுற்றினார்.

“தம்பி, இங்கயே வெச்சுப் பாக்காதீங்க. மொதல்ல வாசலுக்குத் தூக்குங்க, காத்துப் படட்டும்” என்றார்.

வாசலில் போட்டோம். ஆட்டோ வந்தது. வழி நெடுக அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன். பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவள் தலை. திருப்பூரில் எனக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் அன்றைக்குத்தான் ரோட்டில் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாத்ரூம்ல கேஸ் கீசரா? காத்து போக வழி இருக்குதுங்களா?”

“இருந்துச்சுங்க.”

“இருந்துச்சுன்னா?”

“நாந்தான் அடைச்சுட்டேனுங்க.”

அவர் திட்டவில்லை. காற்றுப் போதாமல் தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும் என்றார். நாற்றம் கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது. சிலிண்டர் கேஸ் லீக்கானால் மூக்கு சொல்லிவிடும், இதை எந்த மூக்கும் சொல்லாது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. அப்புறம் கை கால் ஓய்ந்துவிடும். “வெளிய போனா தலவலி நின்னுருக்குமே, கவனிக்கலீங்களா?” என்று கேட்டார். கவனித்தேன். மூலனூர்... நான்கு நாள். கவனித்து, கிண்டலும் செய்தேன். அதை டாக்டரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் அவள் கண்ணை நன்றாகத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“பெல்ட்டு... பீரோ கதவுக்குப் பின்னால மாட்டிருக்குதுங்க” என்றாள்.

நான் கூப்பிட்டது மூன்று தடவையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை, எழ முடியவில்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், பெல்ட் இல்லாத பேன்ட்டோடு நின்று நான் அழுதேன். அன்றைக்குப் பெல்ட் என் கண்ணில் பட்டிருந்தால் நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன், பேசாமல் கம்பெனிக்குப் போயிருப்பேன்.

சொல்லி அனுப்பியதும் சேவியர் வந்தார். இரண்டு தலையணையையும் உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையல் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா ஆளக் கொல்லுததுக்கு இம்புட்டு நேர்த்தி வேணுமா?”

இரண்டு ஓட்டைக்கும் அவரே கொசு புகாத, காற்று புகுகிற கம்பி வலையை வெளிப்பக்கமாக அடித்தார். பர்னரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தீ நீலமாக எரிந்தது. இப்போது வாளியில் பிடிக்கிறோம், கீசரை நிறுத்துகிறோம், அப்புறம்தான் கதவு சாத்துகிறோம். தேரை வந்தால் வலைக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறது.

இதையெல்லாம் கேட்டு முடித்த சகலை எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சிமெண்டு பற்றி ஒரு வார்த்தை எடுக்காமல் சாப்பிட உட்கார்ந்தார். இன்னொரு சமாச்சாரத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, ஈஸ்வரி என் பையிலிருந்த அம்புக்குறி ஸ்டிக்கரில் ஒன்றைக் கேட்டாள். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கப்போகிறாள், இனி யாரும் அடைக்காமல் இருக்க நல்ல யோசனைதான் என்று நானே உரித்துக் கொடுத்தேன். அவள் பாத்ரூம் பக்கமே போகவில்லை. நேராக வந்து என் சட்டைப் பையின் மேல் ஒட்டினாள்.

நல்லவேளை, ரிஜெக்டில் போடவில்லை. ஆல்டரில்தான் போட்டிருக்கிறாள் — ரிப்பேர் இன்னும் முடியவில்லை.