பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள்

சங்கரன்கோவிலில் இத்தனை காலம் வக்கீலாக இருந்ததில் நான் கண்டது இது. எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் அடிபடுவதே இல்லை. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், தறியில் கை போனவர், எல்லாரும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வீட்டு பாத்ரூமில்தான் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். அடிபட்டவரை முதலாளியின் ஆள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். டாக்டர் என்னாச்சு என்று கேட்டதும் அந்த ஆள் முந்திக்கொள்வார். படுத்திருப்பவர் வலியில் தலையாட்டுவார். டாக்டர் அதை எழுதிவிடுவார். அந்த விபத்துப் பதிவேட்டை நாங்கள் ஏ.ஆர். என்போம். அத்தோடு கேஸில் பாதி உயிர் போய்விடும்.

முத்துமாரிக்கும் அதுதான் நடந்தது. எந்த ஊர் நகராட்சி என்று எழுதப்போவதில்லை. அவள் அங்கே காண்ட்ராக்டில் தூய்மைப் பணியாளர். குப்பை டிராக்டரின் பின்கதவுக் கொண்டி பல நாளாகவே ஆட்டம் கண்டிருந்தது. ஒருநாள் கதவு வலது கையில் விழுந்து மூன்று விரல் நசுங்கிப்போனது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அவளைத் தன் காரிலேயே ஏற்றிக் கொண்டுபோனார். வழியெல்லாம், வேலையில் நடந்தது என்று சொன்னால் போலீஸ் கேஸாகும், காண்ட்ராக்ட் போய்விடும், கூட உள்ள பொம்பளைகள் எல்லாருக்கும் வேலை போகும் என்று ஓதியிருக்கிறார். டாக்டரிடம், வீட்டு பாத்ரூமில் வழுக்கி இரும்புக் கதவில் கை மாட்டிக்கொண்டது என்றார். இவளும் ஆமாம் என்றாள்.

புண் ஆறி வேலைக்குப் போனவளிடம் அதே சூப்பர்வைசர், “மூணு விரல் இல்லாம வாரியல எப்பிடிப் பிடிப்ப?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு மறுநாள்தான் என்னிடம் வந்தாள். முதலில் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். தழும்பின் மேல், நோய் தீரக் கோவிலில் கொடுக்கும் புற்றுமண் பூசியிருந்தது. ஏன் அப்படி ஒரு பொய்க்கு ஆமாம் போட்டாய் என்று சத்தம் போட்டேன்.

“காருல வச்சு கொண்டுபோனாவம்மா. சீட்டெல்லாம் எம் ரத்தம். அவியள டாக்டர் முன்னால வச்சு எப்பிடிக் காட்டிக் குடுக்கது?” என்றாள்.

விரல் போனவள் கார் சீட்டுக்காக வருத்தப்பட்டிருக்கிறாள்.

திருநெல்வேலியில் தொழிலாளர் ஆணையர் முன் இழப்பீட்டு மனு போட்டேன். நகராட்சி, அவள் எங்கள் ஆளே இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றது. காண்ட்ராக்டர், அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியாது என்றார். தன் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டாலும் அடிபட்டவருக்கு முதலில் நகராட்சிதான் கொடுக்க வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே குரலில் பேசிய விஷயம் ஒன்று உண்டு. அது அந்த பாத்ரூம். கூட வேலை செய்த பெண்கள் வந்து கதவு விழுந்ததைச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஏ.ஆரைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் கையெழுத்து வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வெகுநேரம் வந்த அவசரத்தில் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். முத்துமாரி கூச்சத்தோடு தெருக்கோடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நகராட்சியின் பொதுக் கழிப்பறை இருந்தது. திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லாம் ஒற்றை அறை வீடு. குளிக்க, பின்னால் சாக்கு மறைப்பு. நாங்கள் எல்லாரும் பாத்ரூம், பாத்ரூம் என்று எழுதிக்கொண்டிருந்தோமே, அப்படி ஒன்று இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த விசாரணையில் நகராட்சி சார்பில் சுகாதார ஆய்வாளர் சாட்சி சொல்ல வந்தார். பாவம், நல்ல மனிதர். முத்துமாரி தெருவில் பொதுக் கழிப்பறை எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை.

“அந்தத் தெருவுல ஒரு வீட்லயும் கக்கூஸோ பாத்ரூமோ கெடையாதும்மா. சனங்க கஷ்டப்படுதுன்னு நாங்கதான் கட்டிக் குடுத்தோம்.”

“அப்போ எந்த வீட்டு பாத்ரூம்ல இவ விழுந்தா?”

அவர் நகராட்சி வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். காண்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, பொதுக் கழிப்பறையில் விழுந்திருக்கலாமே என்றார். வீட்டு பாத்ரூம் என்று சொன்னது பொய் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களா என்று ஆணையர் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயித்தோம். நகராட்சி இழப்பீடு கொடுக்க உத்தரவானது. எல்லாரும் கை கொடுத்தார்கள். எனக்கு அன்றும் ஆத்திரம் தீரவில்லை. ஒரு பெண்ணின் வீட்டில் பாத்ரூம் இல்லாததால் நியாயம் கிடைத்திருக்கிறது. இருந்திருந்தால் தோற்றிருப்பாள் அல்லவா?

அந்தக் கொண்டியை மட்டும் யாரும் மாற்றவில்லை. சில மாதங்களில் அதே கதவு செல்வி என்ற இன்னொரு பெண்ணின் கையில் விழுந்தது. சேதி கேட்டு முத்துமாரி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். சூப்பர்வைசர் வழக்கம்போல் வாயைத் திறந்ததும், இவள் டாக்டர் முன்னால் தன் கையை நீட்டினாளாம்.

“அடிபட்டவ கெடக்கா. அவகிட்ட கேளுங்க சார்.”

டாக்டர் கேட்டார். செல்வி நடந்ததைச் சொன்னாள். ஏ.ஆரில் முதல்முறையாக டிராக்டர் கதவு வந்தது.

புதிதாக வரும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால், கட்டில் பக்கத்தில் நின்று பேசியது யார் என்று கேளுங்கள்.

செல்வியின் கேஸில் நகராட்சி இப்போது எதிர்மனு போட்டிருக்கிறது. முத்துமாரி என்கிற வெளியாள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்ததால் அந்த ஏ.ஆரை நம்பக் கூடாதாம்.