சூடை மீன் பட்ட சனிக்கிழமை

ஸ்ரெல்லா எயார் ஹொஸ்ரஸ் ஆகி மூன்று மாதம். பயிற்சிக்காக நிற்கிற விமானத்தில் ஏறி இறங்கியதைத் தவிர, ஒரு நாளாவது பறந்தவள் இல்லை. குருநகரில் எதிர்ப்படும் சனமெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன பிள்ளை, பிளேன் இன்னும் வரேல்லையோ?" கேட்கிறவர்களுக்குப் பொழுது போகும், அவளுக்கு உயிர் போகும்.

1983 பங்குனி மாதம் அது. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் ஓடிய ஒரு சின்ன விமானக் கொம்பனி அவளை ஸ்ராண்ட்பையில் போட்டிருந்தது. வேலைக்கு வரவேண்டியவளுக்குச் சுகமில்லாவிட்டால் இவள் ஓடவேண்டும். அதற்காகக் காலை ஐந்து மணிக்கே குளித்து, கொம்பனியின் நீலச் சேலையைக் கட்டி, கொண்டையும் போட்டு, பெட்டியும் கையுமாய்ப் பத்து மணிவரை குந்தியிருப்பாள். அவள் வீட்டில் ரெலிபோன் ஏது? எதிரே இருந்த வாடியில் மீன் வாங்கி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்பும் மக்பூல் நானாவிடம்தான் இருந்தது. மற்றப் பெண்களும் லேசுப்பட்டவர்களா, மூன்று மாதத்தில் ஒருத்திக்காவது ஒரு தும்மல், தடிமன் வந்திருக்கக் கூடாதா!

"அம்மா, ஆருக்கும் ஒரு காய்ச்சல் வரவேணுமெண்டு நேர்த்தி வைக்கலாமோ?" என்று ஒரு நாள் கேட்டாள். லூர்த்தம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

ஆனால் விஷயம் சிரிக்கிற விஷயமில்லை. தலைமைப் பணிப்பெண் அற்புதராணியின் கண்முன்னே ஒரு பயணமாவது செய்து காட்டினால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூன்று மாதத்தோடு வீட்டுக்கு. அந்தச் சனிக்கிழமைதான் கடைசி நாள்.

ஒன்பது மணிக்குத் தகப்பன் கனிசியஸின் வள்ளம் கரைக்கு வந்தது. வலை நிறையச் சூடை மீன். அப்படி மீன் பட்ட நாளில் குருநகரில் கையுள்ள எவரும் வீட்டில் இருப்பதில்லை. வெயில் ஏறமுன் வலையிலிருந்து கழற்றி முடிக்காவிட்டால் மீன் பழுதாகிவிடும். ஸ்ரெல்லா அரை மணித்தியாலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இனி எங்கை ரெலிபோன் அடிக்கப்போகுது!" என்று சேலையை வரிந்து செருகிக்கொண்டு வலையண்டை குந்திவிட்டாள். கடற்கரையில் பிறந்தவளுக்கு வேறென்ன புத்தி வரும்?

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க, மக்பூல் நானா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பிள்ளை, ரெலிபோன்! டவுணிலையிருந்து கொம்பனி வான் வெளிக்கிட்டிட்டுதாம். கால் மணித்தியாலத்திலை இஞ்சை நிக்குமாம்!"

"ஐயோ மாதாவே!" என்றாள் ஸ்ரெல்லா. இரண்டு கையும் செதில்.

கரை முழுக்க வலையைப் போட்டுவிட்டு எழும்பியது. ஒருத்தி மீன் மணம் போகத் தேசிக்காயைப் பிளந்து கைகளில் தேய்த்தாள். லூர்த்தம்மா சேலைக் கரையை அலசினாள், இரண்டு பெண்கள் அதை விரித்துப் பிடித்து ஓலைப்பெட்டியால் விசிறினார்கள். யாரோ ஒரு பவுடர் டப்பாவை முழுதாய்த் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கனிசியஸ் மகளின் தலையைத் தடவ வந்து, தன் கையைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

பலாலியில், விமான வாசலிலேயே அற்புதராணியின் மூக்குச் சுருங்கியது. "என்ன மணம் உது?"

"சூடை, மிஸ். இண்டைக்கு அப்பாவுக்கு நல்ல மீன்பாடு."

அற்புதராணி கையிலிருந்த படிவத்தில் எதையோ எழுதினாள். சரி, வேலை போச்சு என்று ஸ்ரெல்லா நினைத்துக்கொண்டாள்.

கதவு பூட்டியதும் மைக் அவள் கைக்கு வந்தது. அச்சடித்த தாளில், "நாங்கள் இப்போது இரத்மலானைக்குப் போகிறோம்" என்று இருந்தது. அவள் வாய் திறந்தது, 'போகிறோம்' என்ற சொல் வரவில்லை. கடலுக்கு வெளிக்கிடும் எவரும் அவள் வீட்டில் 'போகிறேன்' என்று சொன்னதில்லை, போய்விட்டு வருவதாய்ப் 'போட்டு வாறன்' என்பார்கள். 'போகிறேன்' என்றால் திரும்பி வரமாட்டார்கள் என்று பயம். இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு அதை எப்படிச் சொல்லுவது?

"நாங்கள் இரத்மலானைக்குப் போட்டு வாறம்," என்றாள்.

பின் வரிசையில் வல்வெட்டித்துறை முத்துக்குமாரு இருந்தார், முப்பது வருடம் கப்பலில் கிடந்த மனுசன். அவர் தொண்டையைத் திறந்தார்: "ஓம் பிள்ளை, சுகமாப் போட்டு வருவம்!"

"ஓம், ஓம், போட்டு வருவம்!" என்று மற்ற ஆசனங்களும் சேர்ந்துகொண்டன. ஒரே சிரிப்பு. ஸ்ரெல்லாவுக்குக் காது சிவந்துவிட்டது. அற்புதராணி மட்டும் சிரிக்கவில்லை.

இரத்மலானையில் சனம் இறங்கி முடிந்ததும் அற்புதராணி படிவத்தோடு வந்து நின்றாள். "தாளிலை இருந்ததை ஏன் மாத்தினனீர்?"

"பிழைதான், மிஸ். அந்தச் சொல்லு என்ரை வாயிலை வராது."

அற்புதராணி வெறும் ஆசனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏழு வருஷமாய் உந்த மைக்கிலை கதைக்கிறன். ஒருத்தராவது எனக்கு மறுமொழி சொன்னதில்லை," என்றாள். பிறகு படிவத்தில் 'நிரந்தரம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்ரெல்லா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாய்ச் செய்தாள். "அப்ப, அடுத்த வேலை எப்ப மிஸ்?"

"திங்கட்கிழமை," என்றாள் அற்புதராணி. "ஸ்ராண்ட்பை."