சத்தியெடுப்பவர்களுக்கான ஆழ்கடல் சுற்றுலா

ஆழ்கடலில் முக்குளிக்க ஆட்களை அனுப்புவது என் தொழில். படகில் ஏறிய பத்தாவது நிமிடம் வாளியைத் தேடுவது என் உடம்பின் தொழில். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓஸ்லோவில் பதினொரு வருடங்கள் ஓட்டிவிட்டேன். பஸ்ஸில் சக்கரத்துக்கு மேலுள்ள கதிரையில் இருக்க மறுப்பவர்களே, காரின் முன் கதிரைக்குச் சண்டை பிடிப்பவர்களே, டென்மார்க் கப்பலில் மற்றவர்கள் மேல்தளத்தில் ஆடும்போது கீழே குளியலறைத் தரையில் படுத்திருந்தவர்களே, நான் உங்கள் ஆள்.

நேர்முகம்

முன்பு விமான ரிக்கற் விற்கும் ஒரு சின்னக் கடையில் இருந்தேன். அது மூடப்பட்டதும் முக்குளிப்புச் சுற்றுலா ஒழுங்குசெய்யும் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். முதலாளி சிக்ரிட் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, கடலில் என்ன அனுபவம் என்று கேட்டாள். வடமராட்சிக் கடற்கரையில் பிறந்தவன் என்று சொன்னேன். அவளுடைய முகம் மலர்ந்தது. படகில் ஏறினால் சத்தியெடுப்பேன் என்பதையும் சொல்லிவிட்டேன். பொய் சொல்லி வேலை எடுத்து, பிறகு படகில் மாட்டுப்பட எனக்கு விருப்பமில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்து எழும்பப் போனேன்.

“இருங்கள்,” என்றாள் சிக்ரிட். “இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் கடல் என்றால் உயிர். அதனால் அலையைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் பொய் சொல்கிறார்கள். எனக்குக் கடலுக்குப் பயந்த ஒருவர் வேண்டும்.”

வாசுகி அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், பனிச்சப்பாத்தோடு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தவர் வாசுகி அக்கா. நாற்பத்தொன்பது வயது. எல்லிங்ஸ்ருட்டில் வீடு, முதியோர் இல்லமொன்றில் வேலை. பக்கத்தில் அவருடைய கணவர் ராசன் அண்ணை, பஸ் சாரதி, ஜக்கெற்றைக் கழற்றாமலே இருந்தார். அக்கா நாற்பத்தைந்து வயதில் வளர்ந்தோருக்கான வகுப்பில் நீந்தப் பழகி, அங்கிருந்து முக்குளிப்புக்குத் தாவியவர். எழுத்துப் பரீட்சையும் நீச்சல் தடாகப் பயிற்சியும் முடிந்துவிட்டன. கடலில் நான்கு தடவை இறங்கிக் காட்டினால் சான்றிதழ் கையில்.

ஆனால் முதல் தடவை ஓஸ்லோ குடாவில் படகில் கொண்டுபோனபோது, தண்ணீரில் கால் வைக்க முதலே மூன்றுதரம் சத்தி. பயிற்றுநர் கரைக்கு அனுப்பிவிட்டார். “இனிக் காணும், விட்டிடு” என்று ராசன் அண்ணை காரில் வைத்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். தடாகப் பயிற்சி ஒரு வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். வருகிற ஐப்பசிக்குள் அந்த நான்கும் முடியாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

நான் வழக்கம்போல, என்ன மாதிரிப் பயணம் வேண்டும் என்று கேட்டேன். அக்கா கணவரை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, எனக்குக் கடலுக்குக் கீழை போகவேணும். ஆனால் கடலுக்கு மேலை போகேலாது.”

நெசொட்டன் படகு

கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய பவளப்பாறை எகிப்தில் உண்டு. விடுதிக்கு முன்னால் ஒரு மரப்பாலம், அதன் நுனியில் ஏணி, கீழே மீன்கள். படகே தேவையில்லை. ‘படகு இல்லாத பயணம்’ என்று துண்டுப்பிரசுரம் அடித்தேன். என்றாலும் ஓர் அவசரத்துக்குச் சத்தியை நிறுத்தும் வழிகளைப் பரீட்சித்துப் பார்ப்பது நல்லதென்று பட்டது. வாடிக்கையாளரில் பரீட்சிக்க முடியுமா? சனிக்கிழமைகளில் ஓஸ்லோவிலிருந்து எதிர்க்கரையான நெசொட்டன் போகும் படகில் நானே ஏறினேன். ஒரு வாரம் இஞ்சி. ஒரு வாரம் மணிக்கட்டை அழுத்துகிற பட்டி. மூன்றாவது வாரம் மருந்துக்கடைக் குளிசை.

குளிசை அருமையாக வேலை செய்தது. சத்தி வரவில்லை, நித்திரைதான் வந்தது. கண் விழித்தபோது படகு நெசொட்டனில் நின்றது. திரும்பக் கண் விழித்தபோதும் நெசொட்டன்தான். இடையில் ஓஸ்லோவுக்குப் போய் வந்ததை நான் அறியவேயில்லை. படகில் வேலை செய்யும் பெண் குனிந்து மரியாதையாகக் கேட்டாள்: “எங்கே இறங்கவேண்டும் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லையா?”

சத்தி

துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்த அடுத்தவர் பிரபு, கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலையாக ஓஸ்லோ வந்தவர். நான் முதற்கேள்வியாக, “உங்களுக்குச் சத்தி வாறதோ?” என்று கேட்டேன். “அதெல்லாம் நிறையவே இருக்கு சார், டெய்லி ஜிம் போறேன்,” என்றார். நான் விடவில்லை. படகில் போனால் எத்தனைதரம் சத்தி வரும் என்றேன். படகில் போனால் தனியாகச் சக்தி வருமா என்று அவர் திருப்பிக் கேட்டார். இருவரும் இப்படியே இரண்டு மூன்று நிமிடம் பக்குவமாகக் கதைத்தோம்.

கடைசியில் நான் பொறுமையிழந்து, வயிற்றிலிருந்து வாய்வழியாக வெளியே வருவதைச் சொன்னேன். பிறகு பிரபு சொன்னார்: “வாந்தியா சார்? அதைத்தான் இவ்வளவு நேரம் கேட்டீங்களா? அது எனக்கு லிஃப்ட்லயே வரும்.”

மீனுக்கு

பயணத்துக்கு முந்தின மாதம், வரப்போகிற எல்லாரையும் ஒருநாள் தடாகத்துக்கு அழைத்துப் போனேன். பயிற்றுநர் எரிக், வாடிக்கையாளர்கள் கேட்கத் தயங்கும் கேள்விக்கு அவராகவே பதில் சொல்கிறவர். தண்ணீருக்குக் கீழே சத்தி வந்தால் என்ன செய்வது? வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற ரெகுலேற்றரைக் கழற்றவே கூடாது. கழற்றினால், எடுத்து முடித்ததும் இழுக்கிற முதல் மூச்சில் தண்ணீர்தான் உள்ளே போகும். அதைக் கையால் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே எடுக்கவேண்டும். எல்லாம் பக்கத்துத் துளைகளால் வெளியே போய்விடும். உடனே மீன்கள் கூட்டமாக வந்து அதைத் தின்னும் என்றார்.

பிரபு எழும்பி வெளியே போனார். வாசுகி அக்கா கவனமாகக் கேட்டு, கொப்பியில் எழுதி, மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நாலு வருஷம் பாடுபட்டது மீனுக்குச் சாப்பாடு போடத்தானோ, தம்பி?”

ராசன் அண்ணை

குழுவோடு நானும் போகவேண்டும் என்று சிக்ரிட் சொல்லிவிட்டாள். விமான நிலையத்தில் ராசன் அண்ணை என்னைத் தனியே ஒரு பக்கம் கூப்பிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். தோள்பையைத் திறந்து, எலுமிச்சம்பழம் ஆறு, இஞ்சி இனிப்பு ஒரு பெட்டி, மடித்துக் கட்டிய பைகள் ஒரு கட்டு எல்லாவற்றையும் என் கையில் வைத்தார். மனைவி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்: “பஸ்ஸிலை நாங்கள் இதைத்தான் வைச்சிருக்கிறனாங்கள். நல்ல பை. ஒழுகாது.”

காற்று

எகிப்தில் முதல்நாள் எல்லாம் துண்டுப்பிரசுரத்தில் இருந்தபடியே நடந்தது. அக்கா மரப்பாலத்தால் நடந்துபோய், ஏணியால் இறங்கி, இரண்டு தடவை முக்குளித்தார். மீதி இரண்டு. மறுநாள் விடியக் காற்று எழும்பியது. அலை மரப்பாலத்துக்கு மேலால் அடித்தது. ஏணிக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். அடுத்த நாளும் கயிறு. வாரம் முழுக்க இப்படித்தான் என்று விடுதிக்காரர் சொன்னார். முக்கால் மணி நேரம் படகில் போனால் மலைக்கு மறைவாக அலையில்லாத ஒரு விரிகுடா இருக்கிறதாம். படகில்.

என் தொழிலில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ‘படகு இல்லாத பயணம்’ என்று பெரிய எழுத்தில் அடித்தவன் நான்தான். மன்னிப்புக் கேட்டு, போகாமல் விடலாம், அடுத்த வருடம் தடாகப் பயிற்சியை நானே ஒழுங்குசெய்து தருகிறேன் என்றேன். அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“வேலையிலை நாள் முழுக்க மணி அடிச்சுக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் அம்மா, அம்மா எண்டு ஒரே கூப்பாடு,” என்றார். “தண்ணிக்குக் கீழை ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை, தம்பி. அதுக்காக நாலுதரம் சத்தியெடுக்கலாம்.”

படகு

நாலுதரம் அல்ல, ஐந்துதரம். நான் எண்ணவில்லை, நான் என் பையில் கவனமாக இருந்தேன். பிரபுதான் எண்ணினார். அவர் படகின் நடுவில், கயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குளிசையின் புண்ணியத்தில் தொடுவானத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். எலுமிச்சம்பழம் கைக்குக் கை மாறியது. அக்காவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. திரும்பிப் போவோமா என்று ஒருதரம் கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவர், திரும்பவும் பையைத்தான் எடுத்தார். ராசன் அண்ணைக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தபடி நான் அடுத்த பையை விரித்தேன்.

விரிகுடாவுக்குள் நுழைந்ததும் படகு ஆட்டத்தை நிறுத்தியது. அங்குள்ள பயிற்றுநர் மஹ்மூத், அக்காவை உடனே இறங்க விடவில்லை. தண்ணீர் குடிக்க வைத்து, அரைமணி நேரம் இருத்தி, கண்ணைப் பார்த்து, கேள்விகள் கேட்டார். இப்போது இறங்கலாமா என்று அவர் கேட்க, அக்கா இரண்டு விரலை வட்டமாக்கி ‘சரி’ என்று காட்டினார். ஒரு ‘தொப்’. பிறகு குமிழிகள் மட்டும். அந்தக் குமிழிகளை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குப் பிறகு இன்னொரு தடவை, இன்னொரு நாற்பது நிமிடம். நான்கும் முடிந்தன.

கடைசித் தடவை மேலே வந்தவர், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏணியில் நின்றபடியே ஆமை ஒன்று கடற்புல் மேய்ந்ததைச் சொன்னார். தன்னை அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அழுகிறாரா, கடல்தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தளத்தில் மல்லாந்து படுத்திருந்தேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது, இனி விமானம் ஏறும்வரை நிம்மதியாகக் கரையில் படுக்கலாம் என்று வாழ்த்தினேன். அக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“நாளைக்கும் படகுதானே, தம்பி?”

வயிறு பிரட்டுகிற ஆட்களைக் கடலில் இறக்குவதுதான் கஷ்டமான வேலை என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன், அவர்களைக் கடலிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது எவ்வளவு பாடு என்று இந்தத் தொழிலில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.