இரண்டும் ஒன்றுதான் என்றார் அப்பா

பினாங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேலாளர் மார்ட்டின் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மருத்துவமனைகளுக்கான குழாய்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்த்துக் குறிக்கும் படிவத்தின் இரண்டு மாதிரிகள் அவை. எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். 'சிக்ஸ் ஆஃப் ஒன், ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்' என்று சொல்லிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டார். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் அரை டஜன். எதை எடுத்தாலும் சரி என்று பொருள். அது எனக்குத் தெரியும். நம்பத்தான் முடியவில்லை. மேலதிகாரி ஒருவர் இரண்டைக் காட்டி எதுவானாலும் சரி என்றால், அவர் மனதில் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை என்றல்லவா நான் வளர்ந்திருக்கிறேன்! ஒன்றரை நாள் உட்கார்ந்து இரண்டு படிவங்களையும் ஒப்பிட்டு ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மார்ட்டின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். மிகுந்த மரியாதையுடன், ஒரு காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாமே என்றார்.

பக்கத்து மேசை புவனா அன்று சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. அவளுடைய கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். என்னிடம் மட்டும் தமிழ். "அக்கா, அவரு ரெண்டும் போலேன்னா ரெண்டும் போலேதான் லா. உள்ளுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சும்மா ஒண்ண எடுங்க" என்றாள். இங்கே 'போலே' என்றால் முடியும், சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலம் பேசுபவர்கள் இப்படிச் சொல்வதற்கென்றே ஒரு பெட்டி நிறைய வாசகங்கள் வைத்திருக்கிறார்கள். 'டேக் யுவர் பிக்' என்பார்கள், 'யூ கான்ட் கோ ராங்' என்பார்கள். கூட்டம் திங்களா செவ்வாயா என்று கேட்டால் 'ஈதர் வே' என்று தோளைக் குலுக்குவார்கள். தேர்வை நம் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பின்னால் முகம் சுளிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

எங்கள் கரூர்ப் பக்கம் விருந்தாளியிடம் காப்பியா டீயா என்று கேட்டால், எதுன்னாலும் சரிங்க என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு கையில் கிடைத்ததைக் கொடுத்தால் வீட்டுக்காரிக்குப் பதவிசு போதாது. அவருக்கு எது பிடிக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் முறை கேட்க வேண்டும், மூன்றாம் முறை வற்புறுத்த வேண்டும். பந்தியில் போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்து மறைப்பவரின் கையை விலக்கி ஒரு கரண்டி வைத்தால்தான் அது பரிமாறல். வேண்டுவதை வாய்விட்டுக் கேட்பது கூச்சம். கேட்காமலே அறிந்து கொடுப்பது பாசம். என் அம்மா இதில் கெட்டிக்காரி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த அப்பா, நாற்பது வருடம் தனக்கு இன்னது வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மாவோடு வாழ்ந்தார்.

நானோ பினாங்கில் வேகமாகத் தேறிவிட்டேன். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு சுகமானது என்பது, அதுவரை ஒவ்வொருவர் மனதையும் துருவிக்கொண்டிருந்தவளுக்குத்தான் தெரியும். கணவரிடம்கூட அப்படியே பேசினேன். உன் இஷ்டம் என்று அவர் சொன்னால், சரி என் இஷ்டம் என்று போய்விடுவேன். அவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிவார். நான் கண்டுகொள்ளவே மாட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இந்தப் பெருமையோடு இருந்த நாளில்தான் அம்மா போனாள். காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பி வந்த பிறகு, அப்பா கரூர் வீட்டில் தனியாக இருந்தார். தம்பி பெங்களூரில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் வீட்டுப் பால்கனியில் நின்றுகொண்டு அப்பாவை அழைத்தேன். தம்பி வீட்டுக்குப் போகிறீர்களா, இங்கே வருகிறீர்களா என்று கேட்டேன். "எங்கிருந்தா என்ன கண்ணு, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். நான் அதை மார்ட்டின் சொன்னது போலவே கேட்டுக்கொண்டேன். ஆறும் அரை டஜனும். சரி, பெங்களூர் என்றால் விசா வேண்டாம், சர்க்கரைக்குப் பார்க்க மருத்துவரும் பக்கத்திலேயே இருக்கிறார், அங்கே போய் இருங்கள் என்றேன். சரி கண்ணு என்றார். பேச்சு நாலு நிமிடத்தில் முடிந்தது. எவ்வளவு சுலபமாகப் பேசி முடித்துவிட்டோம் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டேன்.

பத்து மாதம் கழித்துத் தம்பி கூப்பிட்டான். ஏதோ காகிதம் தேடி அப்பாவின் பெட்டியைத் திறந்தபோது புதுப் பாஸ்போர்ட் ஒன்று இருந்ததாம். அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுவாரமே விண்ணப்பித்திருக்கிறார். தனியாகப் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார். நான் போனில் கேட்டபோது அது அவர் கையில் இருந்திருக்கிறது. ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. தம்பி சொல்லி முடித்ததும் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மகள் வீட்டுக்கு, மருமகன் இருக்கும் வீட்டுக்கு, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று எங்கள் ஊரில் எந்த அப்பா கேட்பார்? மூன்று முறை கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டாம் முறைகூட நான் கேட்கவில்லை.

இந்த முறை கேட்கவே இல்லை. டிக்கெட் போட்டாச்சுங்கப்பா, கிளம்புங்க என்றேன். எதுக்கு வீண் செலவு என்றார். காதில் வாங்கவில்லை. வந்தார். தினமும் காலையில் நான் வேலைக்குப் போகும்போது அவரைத் தெருமுனைத் தேநீர்க்கடையில் இறக்கிவிடுவேன். இருபது நாள் கழித்து ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்தபோது, கடைக்காரர் அப்பா முன்னால் ஒரு கறுப்புக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா வாழ்நாளில் காப்பி குடித்தவரில்லை. முதல் நாள் கடைக்காரர் டீயா காப்பியா என்று கேட்டாராம். அப்பா வழக்கம்போல் எதுன்னாலும் சரிங்க என்றாராம். கடைக்காரருக்கு அருகில் இருந்தது காப்பி. இருபது நாளும் அதையே குடித்திருக்கிறார். "அவரு மேல தப்பில்ல கண்ணு, கேக்கத்தானே செஞ்சாரு" என்று கடைக்காரருக்குப் பரிந்து வேறு பேசினார்.

அடுத்த வாரம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். படிகளில் பாதி தூரம் ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தோம். கீழே ஊரும் கடலும் தெரிந்தன. விசாவை நீட்டிக்க வழி இருக்கிறது, இங்கேயே இருந்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். மூன்று முறை வற்புறுத்தத் தயாராகவே போயிருந்தேன். இரண்டாம் முறைக்கே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கரூருக்குப் போகோணும் கண்ணு. பெங்களூருக்கு இல்ல. நம்ம ஊட்டுக்கு."

எழுபத்திரண்டு வயதில் அப்பா தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அப்படியானால் பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்டேன். நீ கூப்பிட்டால் உடனே வரவேண்டுமே என்று எடுத்து வைத்தேன் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பெங்களூர், பினாங்கு என்று நான் நீட்டிய இரண்டிலும் அவருடைய வீடு இல்லை. அம்மாவாக இருந்தால் இப்படிக் கேட்டிருக்கவே மாட்டாள், கேட்காமலே அறிந்திருப்பாள். அப்பாவின் இடத்தில் மார்ட்டின் இருந்திருந்தால் வேண்டியதை நேராகச் சொல்லியிருப்பார். நான் இரண்டு பக்கத்திலும் பாதி கற்றவள்.

தம்பி கோபப்பட்டான். சர்க்கரை இருப்பவரைத் தனியாக விடுவதா என்றான். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வேளை சமைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் இறங்கிவந்தான். அப்பா கிளம்பும் நாள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் விமான நிலையத்துக்கு ஓடினேன். அப்பா அந்த அட்டையில் இருந்த என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாய்விட்டுக் கேட்கப் பழகிவிட்டவர் அல்லவா, அதையும் கேட்டுவிட்டார்.

"நீயும் வந்துரு கண்ணு."

"பாக்கலாங்கப்பா" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம், அது அவருக்குத் தெரியும். நான் சொன்னது அந்தப் பார்க்கலாம்தானா என்று எனக்குத்தான் தெரியவில்லை. வரிசையில் அவர் தலை மறையும்வரை நின்றிருந்தேன். அதற்குள் அனுமதி கேட்ட ஒரு மணி நேரம் முடிந்திருந்தது.