சத்தம் கேட்காத வகுப்பு

செய்தி பஸ்ஸில் வந்தது. அறந்தாங்கிப் பக்கமிருந்து வரும் பஸ் எங்கள் பள்ளிக்கு எதிரே நின்றபோது கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சார், கீரமங்கலத்துப் பக்கம் மாத்தலாகிப் போனாங்களே, நம்ம தனபாக்கியம் டீச்சர், நேத்து தவறிட்டாங்களாம். மஞ்சக்காமாலைன்னாங்க." விசிலை ஊதினார், பஸ் போய்விட்டது. எனக்குப் பின்னால் ஐந்தாம் வகுப்பு தொண்டை கிழியப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். படித்தவர்களில் எத்தனை பேரால் இதை வாசிக்க முடியும் என்று டீச்சர் இருந்தால் கேட்டிருப்பார்.

சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிதில், வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் உள்ள எங்கள் பள்ளிக்கு அவர் வந்தார். நான் தலைமை ஆசிரியன், அவர் உதவி ஆசிரியை; முதல் மூன்று வகுப்பும் அவருக்கு. ஒரே கீற்றுக்கொட்டகையின் இரண்டு கோடியில் இருவரும் கத்துவோம். என் வகுப்பு கணக்குச் சொல்லும்போது அவர் வகுப்பு பாட்டுப் பாடும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வயலில் களை எடுக்கும் பெண்களுக்குப் பிள்ளைகளின் குரல் கேட்க வேண்டும்.

ஆடி மாதத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்றாம் வகுப்புச் சிறுமி அடைக்கி எழுந்து, புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பசுமாட்டுப் பாடத்தைக் கணீரென்று வாசித்தாள். பாதியில் காற்று அடித்துப் பக்கங்கள் புரண்டன. ரயில் வண்டிப் படம் போட்ட பக்கம் வந்து நின்றது. அடைக்கியின் குரல் நிற்கவில்லை. ரயிலைப் பார்த்துக்கொண்டே பசு பால் தரும் என்றாள், கன்றுக்கு ஊட்டும் என்றாள். இன்ஸ்பெக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே "பேஷ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரைப் பார்த்தேன், அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

பள்ளி விட்ட பிறகும் அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. "சார், இதுங்களுக்கு ஒரு எழுத்து தெரியாது சார். நாம பாட்டுச் சொல்லிக் குடுத்திருக்கோம். அத எல்லாரும் படிப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்" என்றார். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் என்று சமாதானம் சொன்னேன். "அதான் சார் பயமா இருக்கு" என்றார்.

மறுவாரம் வகுப்பின் குறுக்கே ஒரு கொடிக்கயிறு ஏறியது. பழைய அட்டைகளை நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதி, துணி காயப்போடுவதுபோல் கருவேல முள்ளால் குத்தித் தொங்கவிட்டிருந்தார். கதவைச் சாத்து. முருகனிடம் சிலேட்டை வாங்கி வா. செடிக்குத் தண்ணீர் ஊற்று. பிள்ளை ஒரு அட்டையை எடுக்க வேண்டும், வாயைத் திறக்காமல் அதில் உள்ளதைச் செய்ய வேண்டும். "வாய் பொய் சொல்லும் சார், கை சொல்லாது" என்பார். எழுத்துத் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டும். காதோடு பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அடைக்கிதான் ரொம்ப நாள் திண்டாடினாள். கயிற்றடியில் போய் நிற்பாள், வாய் தானாகப் பசுமாட்டை ஆரம்பிக்கும். டீச்சர் உதட்டில் விரல் வைப்பார். ஒரு நாள் காலையில் ஓர் அட்டையை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் பானையில் தண்ணீர் மொண்டுகொண்டு வெளியே போய்ப் பூசணிக்கொடியின் வேரில் ஊற்றிவிட்டு வந்தாள். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் ஆசிரிய வாழ்க்கையில் ஒரு பிள்ளை வாசிக்க ஆரம்பித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும் கோடியிலிருந்து சத்தமே வராதது ஊருக்குப் பொறுக்கவில்லை. ஊர்த் தலைமைக்காரரான அம்பலம் வாசலில் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், பள்ளிக்கொடம் சுடுகாடு மாதிரி கெடக்கு?"

"பிள்ளைங்க படிக்கிதுங்க ஐயா."

"படிச்சாக் காதுல விழுகணும்ல? நீங்க தூங்குறீங்கன்னு ஊரெல்லாம் பேச்சா இருக்கு."

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். அடைக்கியின் அப்பா அவளை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார். டீச்சர் அவளுடைய வீட்டுக்கே போனார், நானும் கூடப் போனேன். "சும்மா ஒக்காந்துட்டு வாரதுக்கு ஆட்டுப் பின்னால போனாலாவது பலனுங்க" என்றார் அந்த மனிதர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. படிப்பு என்றால் அவருக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

டீச்சர் கடைசியில் ஒரு வழி செய்தார். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வயல் பக்கம் பார்க்க உட்கார்த்தி வாய்க்கு வந்த பாடத்தைக் கத்தச் சொல்வார். மறு பாதி கயிற்றடியில் வாசிக்கும். பிறகு இடம் மாற்றுவார். "சார், ஊருக்குப் பாதி, படிப்புக்குப் பாதி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கூச்சலில் சின்னப் பிள்ளைகளால் ஒரு வரியைக்கூட முடிக்க முடியவில்லை. சில பிள்ளைகள் திரும்ப வந்தார்கள், அடைக்கி வரவில்லை. அதற்குள் டீச்சரைப் பற்றி மேலிடத்துக்கு மனு போயிருந்தது. டவுனில் யாரோ எழுதிக் கொடுத்ததன் அடியில் ஊரே கைநாட்டு வைத்திருந்தது. இந்த டீச்சர் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில்லை என்பதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாத ஊர் சாட்சி. நான் மறுத்து எழுதியதை யாரும் சட்டை செய்யவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்து வந்த வாத்தியார் அந்தக் கொடியில் தம் வேட்டியைக் காயப்போட்டார்.

பல வருஷம் கழித்துத் திருக்கோகர்ணத்தில் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். புதுப் பள்ளியில் கயிறு கட்டினீர்களா என்று கேட்டேன். "எங்கிட்டுப் போனாலும் சத்தந்தான் சார் கேக்குறாங்க" என்றார். பிறகு அவர் விசாரித்தது ஒரே ஒருத்தியைத்தான். நான் மறைக்காமல் சொன்னேன். அடைக்கிக்குக் கல்யாணமாகிவிட்டது. ஒரு நாள் இடுப்பில் குழந்தையோடு பஸ் போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "சார், இது எங்கிட்டுப் போற பஸ்ஸு?" என்று என்னிடமே கேட்டாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாமலே இருந்திருந்தாத் தேவல சார். தெரிஞ்சு மறந்திருக்கா" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதாம்.

பஸ் போன பிறகு பீரோவின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தேன். முள் குத்திய துளை இன்னும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் எல்லோரையும்விட நன்றாக வாசிப்பதாக நான் நம்பியிருந்த பெண்ணைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்று. அவள் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள், மூச்சை இழுத்தாள், அன்றைய பாடத்தைக் கணீரென்று சொல்ல ஆரம்பித்தாள்.

டீச்சர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்த அட்டையும், பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டு இனிமேல் ஏமாற முடியாத இந்தக் காதும்தான். அவள் முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிட்டு, நான் "பேஷ்" சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.