சென்சாரைக் கழற்றிய மதியம்

கண்ணுக்குத் தெரியாத புகைக்காக, கண்ணெதிரே நிற்கும் ஒருத்தியின் பிழைப்பை ஆபத்தில் வைக்கலாமா? பாறசாலைக்கு அருகே ஒரு பட்டறையில், தூக்கி நிறுத்திய காரின் அடியில் நின்றபோது இந்தக் கேள்வி என்னை வந்து பிடித்தது. கார் என் அக்காவுடையது.

காஞ்சிரங்குளத்துக்குக் கீழே, கடற்கரையில் எங்கள் வீடு. அத்தான் கடலுக்குப் போகிறவர். அக்கா விடியும்போதே கரையில் மீன் எடுத்து, பின்சீட்டைக் கழற்றிவிட்ட பழைய காரில் ஐஸ் பெட்டிகளை அடுக்கி, காட்டாக்கடை தாண்டி ஒற்றசேகரமங்கலம் பக்கம்வரை கொண்டுபோய் விற்பாள். அந்த வழியெங்கும் அவளுக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. சமீபமாகப் பெட்டி ஆட்டோவில் ஒருவர் அதே வழியில் வரத் தொடங்கியிருந்தார். அக்கா வராத நாளில் அந்த வீடுகள் அவரிடம் வாங்கின. தொடர்ந்து சில நாள் அவள் வராமல் போனால், வீடுகள் அவரோடேயே தங்கிவிடும். அதுதான் அவளுடைய பயம்.

இந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டி பெட்ரோலை அதிகம் குடித்தது. புகையில் பெட்ரோல் வாடை அடித்தது. பட்டறைக்காரர் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்றார். புகைக்குழாயில் திருகி வைத்திருக்கும் விரல் நீளப் பொருள் அது. புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அது சொல்ல, எஞ்சின் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். புதியது அவரிடமே இருந்தது. பழையதுதான் அசையவில்லை. துருவும் வெள்ளை உப்பும் ஏறி, குழாயோடு குழாயாக இறுகியிருந்தது.

“சேச்சி, பெலமா திருகினா பிரியும் சேந்து பிடுங்கிட்டு வரும்” என்றார் அவர். மரையை எங்கள் பக்கத்தில் பிரி என்போம். “பின்ன குழாய மாத்தணும். அது வாறதுவர வண்டி இஞ்சதான் கெடக்கும்.”

“எத்தற நாளு?” என்றாள் அக்கா.

“ஒரு ஆழ்ச்ச, ஏழு நாளு ஆவும். கூடவும் ஆவும்.”

அக்கா கூட வந்திருந்த அத்தானைப் பார்த்தாள். அத்தான் கூரையைப் பார்த்தார்.

வேறொரு வழியும் உண்டு என்றார் பட்டறைக்காரர். பழையதை அப்படியே விட்டுவிட்டு, வயரில் ஒரு சிறு கருவியைச் சேர்த்தால் போதும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது எஞ்சினிடம் சொல்லிக்கொண்டிருக்கும், விளக்கு அணையும், நாளைக் காலை வண்டி ஓடும். புகைச் சான்றிதழ் முடிய இன்னும் காலம் இருந்ததால் யாரும் கேட்கப்போவதுமில்லை.

அதில் தவறென்ன என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. பிறகு அக்கா மீன் விற்கும் விதம் நினைவுக்கு வந்தது. அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ என்று பயந்து, எஞ்சினை ஓடவிட்டபடியே பின்கதவைத் திறந்து வைப்பாள்.

“அக்கா, ஆளுவ நிக்கியது பொகைக் கொழாய்க்க நேர பின்னால ஆக்கும். பிள்ளையள இடுப்புல வச்சிட்டு நிக்கினும்” என்றேன்.

“நீ பேசீட்டுப் போவ. வீடுவ போச்சுண்ணா நீயா மக்கா பிடிச்சுத் தருவ?”

அவள் பயம் கற்பனை அல்ல. நான் சொன்ன தீங்கும் கற்பனை அல்ல. இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பதென்றுதான் விளங்கவில்லை.

அக்கா காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுப் பட்டறைக்காரரிடம் கேட்டாள்: “அந்த சாதனம் வச்சா வண்டி நல்லாவுமா, இல்ல நல்லா இருக்குண்ணு காட்டுமா?”

“காட்டும்.”

“அப்ப அழுவின மீனுக்க செவுளுல சாயம் தேச்சது போல ஆக்கும். நமக்கு வேண்டாம். களத்துங்க. போனா போவட்டு.”

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குழாயைச் சூடாக்கினார் அவர். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டார். அது ஊறும்வரை, இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது என்று டார்ச் அடித்துத் தேடினேன். சென்சாருக்கு நேர் மேலே, காரின் தரையில், ஒழுங்காகத் துளைத்த ஒரு ஓட்டை இருந்தது. பெட்டிகளிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் கொதிக்கும் சென்சார்மீதே சொட்டியிருக்கிறது.

“அது நான் போட்டது” என்றார் அத்தான். “தண்ணி கெட்டி நிக்காண்டாம்ணு.”

“கடலுல வள்ளத்து ஓட்டய அடைக்கியவரு, கரைக்கு வந்து காருக்கு ஓட்ட போட்டிருக்காரு!”

“வண்டி நாறுதுண்ணு நீதான சொன்ன?”

“நாத்தத்தப் போக்கச் சொன்னேன். வண்டியப் போக்கவா சொன்னேன்?”

பட்டறைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வயர் நுழையப் பக்கவாட்டில் பிளவு விட்ட சாக்கெட்டைச் சென்சார்மீது மாட்டி, கைப்பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகினார். கழற்றும் திசையில் இழுக்கவில்லை. முதலில் மயிரிழை அளவு இறுக்கினார். ஒரு கிறீச்சிடல். பிறகு கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தினார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கிறீச்சிலும் அவள் தோள்கள் உயர்ந்து இறங்கின.

சென்சார் வெளியே வந்தது. உள்ளே கடைசி மரைகள் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தன. மரை வெட்டும் கருவியை உள்ளே விட்டு அவற்றைச் சீராக்கி, புதியதன் மரையில் பசை தடவிக் கையாலேயே திருகினார். தடையின்றி ஏறியது.

“சேச்சி, செவுளு செவந்த மீனு ஏதாங்கிலும் பாக்கி உண்டா?”

“உண்டு. பொளந்து பாத்துட்டு எடுங்க” என்றாள் அக்கா. அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

மறுநாள் விடியலில் அவள் வழக்கம்போல் கிளம்பிப் போனாள். வள்ளத்துக்குப் பூசும் பசையால் அத்தான் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார். பெட்டிகள் இப்போது விளிம்பு உயர்ந்த ஒரு தட்டின்மேல் இருக்கின்றன. அதில் சேரும் தண்ணீரை அக்கா கரைக்குத் திரும்பியதும் கொட்டுகிறாள். மீன் எடுத்துக்கொடுக்கும் நேரத்தில் எஞ்சினை அணைத்து வைக்கிறாள்.