புகைக்கூடத்துப் பிரட்டு

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையில் கஷ்டமான நேரம், விடிகாலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டு அல்ல. பிற்பகலில் கள்ளுக்கடை திறந்து மூடும்வரை உள்ள பொழுதுதான். அந்தப் பொழுதில் சிக்கியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள்.

மருந்து கேட்கப் போனது

நான் கங்காணி மகன். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. படித்த முதல் ஆள். சென்னையில் படிப்பை முடித்துவிட்டு, செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாகச் சேர்ந்தேன். ஒரு வருஷத்துக்குள் கள்ளுக்கடைக்காரர் எனக்கென்று ஒரு மங்குக் கோப்பையைத் தனியாகக் கழுவி வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு நாள் காலையில் என்னிடம் வாடை வந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் அந்தோணி டிரெஸர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்; மருந்து தரவில்லை. கள்ளை விட்டவர்களும் விட நினைப்பவர்களும், கடை திறந்திருக்கும் நேரம் முழுக்கப் பழைய புகைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களாம். முன்பு ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட கொட்டகை அது. யாராவது பார்த்துவிட்டால் என்று இழுத்தேன். "கவலைப்படாதீங்க தம்பி, அங்க ஜன்னலே கிடையாது. உங்க மூஞ்சி உங்களுக்கே தெரியாது," என்றார்.

இருட்டில் பெயர்

கதவைச் சாத்தியதும் பகல் போய்விட்டது. கரி நெடி. சுற்றிலும் மூச்சு மட்டும் கேட்டது. காலையில் நான் செய்வதைப் போலவே டிரெஸர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று குரல் வரவேண்டும். வராவிட்டால் இரண்டு பேர் எழுந்து நேரே கள்ளுக்கடைக்குப் போய் அந்த ஆளை இழுத்து வருவார்கள். கள்ளை விடுகிறவர்களின் இந்தச் சங்கத்துக்கு இருந்தது அந்த ஒரு சட்டந்தான்.

கடைசியாக "வீரன்" என்றார். பதில் இல்லை. யாரும் எழவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் பால்வெட்டுக்காரர் சின்னப்பன். ஏன் தேடப் போகவில்லை என்று அவரிடம் மெல்லக் கேட்டேன். "சிகாமட்டுக்குப் போனவன் குடிச்சுட்டு ஆத்துல இறங்கி, வெள்ளத்தோட போயிட்டான் ஐயா. பேரை எடுத்துட்டா கோவிச்சுக்குவான்னு கூப்பிடுறோம்."

வீரனின் கைவரிசை

பிரட்டு எடுத்த கிராணிமாருக்கு ஒரு தந்திரம் தெரிந்திருக்கும். லயத்து வீட்டில் படுத்துக் கிடக்கும் கூட்டாளிக்காக இன்னொருவன் குரலை மாற்றி "இருக்கேன்" என்பான். விடியாத இருட்டில் நாமும் பேர் போட்டுவிடுவோம். கூட்டாளிக்கு அன்றைய சம்பளம் கிடைத்துவிடும். வீரன் அதில் பேர்போனவராம். யார் குரலும் அவருக்கு வருமாம். "நான் செத்தாக்கூட எனக்குப் பதில் சொல்லியிருப்பான்," என்றார் சின்னப்பன். "அலமாக், அவனில்ல முந்திக்கிட்டான்!"

நான் இல்லாத நாள்

ஒரு நாள் கால் கடைப்பக்கம் திரும்பிவிட்டது. மங்குக் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தேன். என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள், பதில் வந்திருக்காது, இதோ வருவார்கள் என்று காத்திருந்தேன். நுரை அடங்கியது. யாரும் வரவில்லை. குடித்தேன்.

மறுநாள் காலை துரைக்கு எட்ட நின்று தப்பித்தேன். பிற்பகல் சின்னப்பனிடம் போய், ஏன் என்னைத் தேடவில்லை என்று கோபமாகவே கேட்டேன். அவர் விழித்தார். "நீங்கதான் நேத்து இருந்தீங்களே ஐயா! எனக்குப் பக்கத்துலதான் குரல் வந்துச்சு. எப்பவும் போல தொண்டையைக் கனைச்சுட்டுத்தான் சொன்னீங்க."

கூட்டாளிக்கு ஒரு வார்த்தை

அன்று புகைக்கூடத்தில், எனக்காகப் பதில் சொன்னது யார் என்று எல்லோரையும் கேட்டோம். பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து மறுத்தார்கள். டிரெஸர் தீக்குச்சி கிழித்தார். சின்னப்பனுக்கு அந்தப் பக்கம், யாரும் உட்காராத பலகையில், ஓர் ஆள் அளவுக்குக் கரி துடைபட்டு ஈரமாக இருந்தது. அந்த வாரம் மழையே இல்லை.

குச்சி அணைந்தது. சின்னப்பன்தான் அந்தப் பலகைப் பக்கம் திரும்பி, கோபமில்லாமல் பேசினார். "வீரா, உன் நல்ல மனசு தெரியும் லா. ஆனா இங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. வராதவன் வரலேன்னே இருக்கட்டும். நாங்க போய்த் தூக்கிட்டு வந்துக்கிறோம்."

மறுபடியும்

அத்தோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். சில வாரங்களில் கால் மறுபடி திரும்பியது. மங்கு கைக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது: இந்த முறையும் நான் அங்கே இருந்துவிட்டால்?

நுரை அடங்குவதற்குள் சின்னப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். கோப்பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கைமயிர் சிலிர்த்து நின்றது. "உங்க பேரைக் கூப்பிட்டோம் ஐயா. பக்கத்துல யாரோ தொண்டையைக் கனைச்சாங்க. அப்புறம் பதில் சொல்லல."

பேய் பிசாசை நான் நம்புவதில்லை. ஆனாலும் என் வேலை இன்றுவரை நிலைத்திருப்பது, ஒருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தயவினால்தான்.